விரல் எட்டும் தூரம்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒருமுறை ஒரு படிவத்தில் அவள் பெயர் ஏறக் காரணமாக இருந்தவன் நான். அது போதும். ஊர்ப் பெயரும் வேண்டாம். அவளுடைய கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சின்னக் கை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கை அளவுதான் இருக்கும். முகத்துக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். அந்தக் கையால் அவள் செய்த வேலையை என் இரண்டு மடங்கு கையால் நான் செய்ததில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். புதுக்கோட்டைப் பக்கம். துபாயில் சோனாப்பூர் கேம்ப்பில் மூன்று வருடம், ஓமானில் சோஹார் துறைமுகத்தில் இரண்டு வருடம். சோஹாரில் ஒரு சங்கிலி என் வலது கையின் கடைசி இரண்டு விரல்களைப் பாதியாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பாரம் தூக்கும் வேலைக்கு என்னை எவனும் எடுக்கவில்லை. ஒரு துப்புரவு கம்பெனி எடுத்தது. மறுபடி துபாய்ப் பக்கம் வந்து, மணல் தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் விட்டார்கள். சுட்டு முடித்த இடத்தில் சிதறிக் கிடக்கும் காலித் தோட்டாக்களை நீளப் பிரஷ்ஷால் கூட்டி வாளியில் போடுவது என் வேலை. ஓட்டையான அட்டைகளைக் கழற்றிப் புது அட்டை மாட்டுவதும் நான்தான்.

அவள் எனக்கு எட்டு மாதம் பிந்தி வந்தாள். அதே கம்பெனி. கண்ணாடி, தரை, கக்கூஸ்.

அந்த கிளப்பில் முதல் நாள் வேலைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் துள்ளுவான். சுவர் அதிர்கிற சத்தம். நான் முதல் நாள் வாளியைக் காலிலேயே போட்டுக்கொண்டேன். எங்களோடு இருந்த நேபாளிப் பெண் ஒரு வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அழுதாள். இவள் துள்ளவில்லை. மாப்பை ஊன்றியபடி நின்றாள். செவிடியோ என்று நினைத்து, பின்னால் போய் மெதுவாக "தங்கச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை" என்று திரும்பினாள்.

சிலோன் பேச்சு. காது நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். கைத்துப்பாக்கியில் கடைசிக் குண்டு போனதும் அதன் மேல்தகடு பின்னால் போய் நின்றுவிடும். அந்தச் சத்தம் மற்றதைவிட ஒரு நூல் வேறு மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்கும். சுடுகிற வரைக்கும் நிற்பாள். கடைசிக் குண்டு போனதும், கோச் விசில் ஊதுவதற்கு முன்பே, மாப் நகரத் தொடங்கிவிடும். ஒருநாளும் தப்பியதில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது.

ஆளை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பது அவள் வழக்கம். என்னிடம் பேசிய இரண்டாவது பேச்சே, "அண்ணை, அந்தப் பிரஷ்ஷை ஒருக்கா பிடிச்சுக் காட்டுங்கோ" என்பதுதான். பிடித்துக் காட்டினேன். என் அரை விரல்களைப் பார்த்தாள். எப்படிப் போனது என்று கேட்கவில்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மறுநாள் ஒரு பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கொண்டுவந்தாள். பிரஷ் கம்பில் நான் பிடிக்கும் இடத்தில் சுற்றினாள். சுற்றுச் சுற்றாக, ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக வருகிற மாதிரி.

"விரல் இல்லாத பக்கம் மொத்தமா இருக்கோணும். அப்பதான் உள்ளங்கை பிடிக்கும். இப்ப பிடியுங்கோ."

பிடித்தேன். சோஹாரை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு கம்பு என் கையில் வழுக்காமல் நின்றது. "நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கிறது வேறை. நோகுதே?"

"நோகலை."

"அவ்வளவுதான் கேட்டனான்."

எங்கள் கம்பெனி கொடுப்பது எல்லாருக்கும் ஒரே சைஸ். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பெரிய கையுறை, அதே நீள மாப். சூப்பர்வைசரிடம் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான், யல்லா, வேலையைப் பார்" என்பான். நேபாளிப் பெண்ணின் கையுறையில் விரல் நுனிகள் காலியாகத் தொங்கும். பிளீச் ஊற்றும்போது வாளியில் மாட்டும். இவள் அதை வாங்கிக்கொண்டு போய், விரல்களைக் குட்டையாக வெட்டி, சூடு காட்டி ஒட்டி, மணிக்கட்டில் ரப்பர் போட்டுக் கொண்டுவந்தாள். மாப் கம்பையும் அறுத்துக் குட்டையாக்கினாள். சூப்பர்வைசர் கத்தினான். "கம்பெனி சாமானை அறுக்கிறாயா?"

அவள் குவைத்தில் நாலு வருடம் வீட்டு வேலை செய்தவள். அரபு நன்றாக வரும். ஹிந்தி உடைந்த ஹிந்திதான். அதிலேயே சொன்னாள்: "பாய், இவளுடைய கையை நீட்ட முடியாது. அதனால் கம்பை அறுத்தேன்."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நாங்களும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அந்த டாக்டரம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உள்ளூர்ப் பெண், பல் டாக்டர். பெண்களுக்கான சுடும் போட்டியில் சேர ஆசை. சொந்தமாக ஒரு கைத்துப்பாக்கி வாங்க உரிமத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். எதை வாங்குவது என்று கிளப்பில் சுட்டுப் பார்க்க அண்ணனோடு வந்தார். அவருக்கும் சின்னக் கை. பல் டாக்டர் வேலைக்கு அது வசதியாக இருந்திருக்கும். துப்பாக்கிக்கு இல்லை.

அண்ணன் சொன்னதே சட்டம். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று, பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி லேசான ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எங்கள் கோச் ஒரு எகிப்துக்காரர், பணக்காரர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். கொடுத்தார். முதல் குண்டிலேயே அது உதைத்த உதையில் மேல்தகடு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிழித்துவிட்டது. ரத்தம். பிளாஸ்டர் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை அண்ணன் பெரியதை எடுக்கச் சொன்னார், எடை இருந்தால் உதைக்காது என்று. உதைக்கவில்லை. ஆனால் பிடி தடிமன். விசைக்கு விரல் எட்டவில்லை. எட்டுவதற்காக டாக்டரம்மா கையைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பிடித்தார். குண்டெல்லாம் அட்டைக்கு வெளியே போனது. அண்ணன், "பழகினால் எட்டும், இன்னும் ஒரு தடவை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காது மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "கலாஸ்" என்றார். எனக்கு இது வராது, விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி.

நான் கண்ணாடிக்கு வெளியே அட்டைகளோடு நின்றேன். அவள் என் பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நின்றுவிட்டது. என்னைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். துப்புரவுக்காரர்கள் ஆள் இருக்கும்போது உள்ளே போகக் கூடாது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அரபில் ஏதோ சொல்லி, டாக்டரம்மாவை மேசைமேல் கையை விரிக்கச் சொன்னாள். தன் கையைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. அண்ணனும் கோச்சும் குனிந்து பார்த்தார்கள். பாக்கெட்டிலிருந்து சைக்கிள் டியூப் நாடா ஒன்றை எடுத்து, டாக்டரம்மாவின் பெருவிரல் கவட்டிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரைக்கும் பிடித்து, நகத்தால் குறி வைத்தாள். பிறகு கோச்சிடம், பெட்டியில் இருக்கிறதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். அவர் காலி என்று திறந்து காட்டிப் பிடித்துக்கொள்ள, பிடியின் பின்பக்கத்திலிருந்து விசை வரைக்கும் நாடாவை வைத்துப் பார்த்தாள். துப்பாக்கியை அவள் தொடவில்லை. நாடாதான் தொட்டது. இதைப் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நாளில் ஒரு தடவைகூட அவள் விரல் அதில் பட்டு நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது சரியாக வந்தது. நடுத்தரமான இரும்புத் துப்பாக்கி. எடை உண்டு, பிடி மட்டும் ஒல்லி. சின்னக் குண்டு போடுவது. மேல்தகட்டை இழுக்க டாக்டரம்மாவுக்கு வரவில்லை. இழுக்காதே, அதை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளு என்று வெறுங்கையால் செய்து காட்டினாள். தள்ளினார். திறந்தது.

பத்துக் குண்டு. ஏழு அட்டைக்குள் விழுந்தது. டாக்டரம்மா திரும்பி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பிளீச் நாற்றத்தோடு சேர்த்து.

கோச், "இதையெல்லாம் எங்கே படித்தாய்?" என்று கேட்டார்.

"குவைத்தில் சமையல்கட்டில். கத்தியும் இப்படித்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைக் கடக்கும்போது அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மலையாளி, நல்ல மனுஷன். டாக்டரம்மாவின் அண்ணன் முதலாளிக்கே போன் செய்து புகழ்ந்திருக்கிறார்.

"யாரு அந்தப் பெண்ணு? உங்க ஆளுதானே?"

என்னிடம் யாரும் இப்படி உட்காரவைத்துக் கேட்டதில்லை. நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் துள்ளாததை, என் கம்பில் ரப்பர் சுற்றியதை. "சார், சத்தத்தை வச்சே குண்டு தீர்ந்துச்சுன்னு கண்டுபிடிச்சுடும் சார். கோச்சுக்கே அப்புறம்தான் தெரியும். அவ்வளவு கெட்டிக்காரி."

மேனேஜர் ஆச்சரியப்பட்டார். பெண்கள் பிரிவுக்கு ஒரு உதவியாள் தேடிக்கொண்டிருந்தார்கள், அரபு தெரிந்த பெண்ணாக. கிளப்பே விசா எடுக்கும். சம்பளம் கூடும், கக்கூஸ் கழுவ வேண்டாம்.

அந்தச் சந்தோஷத்தை நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று, கரக் டீ இரண்டு வாங்கிக்கொண்டு மாப் வைக்கும் அறைக்குப் போனேன். கையில் மேனேஜர் கொடுத்த படிவம்.

சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"ஆர் அண்ணை சொன்னது அவரிட்டை?"

"நான்தான்!" என்றேன். அந்த "நான்தான்" இன்னும் என் காதில் இருக்கிறது.

அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். பெயர், தகப்பன் பெயர், ஊர், முகவரி. துப்புரவு வேலைக்கு இதோடு முடிந்துவிடும். ஆயுத அறைக்குள் போகிறவர்களுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சொந்த ஊர்ப் போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சான்று. பெயர், தகப்பன் பெயர் வரைக்கும் மேனேஜரே கம்பெனிப் பட்டியலைப் பார்த்து நிரப்பியிருந்தார்.

"அண்ணை, நான் எந்த இடம் எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"சிலோன்னு தெரியும்."

"சிலோனிலை எங்கை?"

"நான் கேட்டதில்லையே தங்கச்சி."

"கேக்காதபடியால்தான் உங்களோடை கதைச்சனான்."

பிறகு அவளே சொன்னாள். வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். சண்டை முடிகிற காலம். வீட்டுக்கு ஓராள் சண்டைக்கு வேண்டும் என்று இயக்கத்துக்காரர்கள் வந்தார்கள். அண்ணனை ஒளித்து வைத்திருந்தார்கள். இவள் வாசலில் நின்றாள், கூட்டிப் போனார்கள். பதினைந்து வயது.

"எனக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே நாள் சாமான் தந்தவை. எல்லாருக்கும் ஒரே அளவு. எனக்கு மட்டுமட்டா விரல் எட்டினது. அவளுக்கு எட்டேல்லை. என்னிலும் சின்னக் கை அவளுக்கு. போய்ச் சொன்னனாங்கள். பழகினால் எட்டும் எண்டவை."

கையுறையின் கடைசி விரலை இழுத்துவிட்டாள்.

"எட்டேல்லை அண்ணை."

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு சரணடைந்தது, முகாம், விட்ட பிறகும் மாதாமாதம் போய்க் கையெழுத்து. அது நின்ற பிறகுதான் ஒரு ஏஜென்ட் மூலம் குவைத்துக்கு வந்திருக்கிறாள். "இப்ப நான் இந்தக் கடிதம் கேட்டால், என்ரை பேர் திரும்ப அந்த மேசைக்குப் போகும். துவக்குக் கிளப்பிலை வேலைக்கு எண்டு போகும். விளங்குதே? ரெண்டு பேர் மோட்டார் சைக்கிளிலை அம்மாவிட்டை வருவினம். அம்மா கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுப்பா. அவைக்கு முன்னாலை கோப்பை கிலுங்கும். இப்ப கொஞ்ச நாளாத்தான் அவவின்ரை கை நடுங்காமல் இருக்கு."

நான் அப்படியே எழுந்து மேனேஜரிடம் ஓடினேன். "வேண்டாம் சார். அதுக்கு விருப்பமில்லை. இருக்கிற வேலையே போதுமாம்."

"அதென்ன? சம்பளம் கூட, வேலை குறைவு. யாராவது வேண்டாம்னு சொல்லுமா?" அவர் பேனாவை மூடினார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. "சத்தம் கேட்டே தெரியும்னு நீதானே சொன்னே? இதெல்லாம் அவள் எங்க படிச்சா?"

அதை அவர் முதல் தடவையாக யோசிக்கிறார். யோசிக்க வைத்தவன் நான். வேண்டாம் என்று சொன்னது, வேண்டும் என்று சொன்னதைவிடப் பெரிய தப்பாகிவிட்டது.

அவரையும் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கி இருக்கிற இடம். ஏதாவது ஒன்று என்றால் அவர் நாற்காலிதான் முதலில் போகும். இனி இங்கே துடைக்கிறவர்கள், கூட்டுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சான்றைக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் கம்பெனிக்கு எழுதிவிட்டார். நான் புதுக்கோட்டைக்கு எழுதி வாங்கினேன். நேபாளிப் பெண் வாங்கினாள். எங்களுக்கு அது ஒரு காகிதம்.

அவள் கேட்கவே இல்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, விசாவை ரத்து செய்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாள். அம்மா அங்கே சுகமாக இருப்பதற்காக.

போகிற அன்று காலை கம்பெனி வேன் எங்களை கிளப்பில் இறக்கிவிட்டு அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பைதான். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாரமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

அவளே சொன்னாள். "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்."

திட்டியிருக்கலாம்.

வேன் கிளம்பும்போது, "அண்ணை" என்று கூப்பிட்டாள். "இனி ஆரையும் கெட்டிக்காரர் எண்டு பெரியாக்களிட்டைச் சொல்லாதேங்கோ."

ஊருக்குத்தான் போனாளா, வேறு எங்காவது போனாளா, தெரியாது. போன் நம்பர் இருந்தது. போன மறுவாரம் அது வேறு யாரோ எடுக்கிற நம்பராகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா தன் சொந்தத் துப்பாக்கியோடு வந்தார். அதே ஒல்லிப் பிடி. பெட்டியோடு பேரீச்சம்பழ இனிப்பு கொண்டுவந்திருந்தார். ஹிந்தியில், "அந்தச் சகோதரி எங்கே?" என்று என்னைக் கேட்டார்.

"லீவில் போயிருக்கிறார்" என்றேன்.

"வந்ததும் சொல். விரல் சரியாக எட்டுகிறது என்று."

"சொல்கிறேன்" என்றேன். இனிப்பை நானும் நேபாளிப் பெண்ணும் மாப் அறையில் உட்கார்ந்து தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

அந்த கிளப்பில் அதற்கு மேல் நான்கு மாதம் தாங்கினேன். இப்போது குவைத்தில் ஒரு கிடங்கில் இருக்கிறேன். அப்பாசியாவில் ஆறு பேர் ஓர் அறை. வரும்போது பிரஷ்ஷை விட்டுவிட்டு, அவள் சுற்றிய ரப்பரை மட்டும் அறுக்காமல் கம்பிலிருந்து உருவி எடுத்து வந்தேன். இங்கே கொடுத்த கம்பில் மாட்டியிருக்கிறேன். வேறு எவன் எடுத்தாலும், "என்னடா இது கோணலாக" என்று கீழே வைத்துவிடுகிறான். வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் வீட்டு வேலைப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை. கைகளைப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு பேர் என்னைத் தப்பாக நினைத்துத் திட்டியும் இருக்கிறார்கள்.

போன மாதம் கிடங்கில் ஒருவனுக்குத் தகரம் பட்டு முன்கை பிளந்துவிட்டது. ரத்தம் பீய்ச்சியது. நாங்களெல்லாம் கத்திக்கொண்டு நின்றோம். புதிதாக வந்த ஓர் ஆள், இரண்டு வாரமாக யாரோடும் பேசாதவன், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெல்ட்டைக் கழற்றி முழங்கைக்கு மேலே இறுக்கினான். ஒரு கரண்டியைச் செருகித் திருகினான். ரத்தம் நின்றது. வாட்சைப் பார்த்து, அடிபட்டவனின் நெற்றியில் பேனாவால் கட்டுப் போட்ட நேரத்தை எழுதினான். கை ஒரு துளி நடுங்கவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஃபோர்மேன் என் பக்கம் வந்தான். "பாய், இவன் சாதாரண ஆள் இல்லையே. இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டான்? உனக்குத் தெரியுமா?"

அந்த ஆள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஓடியது, கை அசையவில்லை.

"என்ன பாய், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றேன். "நான் செய்யலாம்னு போனேன், அவன் முந்திக்கிட்டான். அவ்வளவுதான்."

ஃபோர்மேன் என் அரை விரல்களைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். நான் கம்பை எடுத்து, தரையில் கிடந்த ரத்தத்தைக் கழுவ ஆரம்பித்தேன்.